புது ஐயர் வர்றாங்க... அந்த வீட்டைத் திறந்து வெள்ளையடிங்க!

"கண்ணு, ஞாயித்துக்கிழமை புது ஐயர் வர்றாங்க. வீடு நாலு மாசமா பூட்டியே கிடக்குது. லீவு போட்டுட்டு ஒரு கை கொடுக்க வரியா?"

பெரியம்மாவிடமிருந்து வந்த வாய்ஸ் நோட் இது. அவருடைய வாய்ஸ் நோட்டில் கேள்விக்குறி இருந்தாலும் அது கேள்வி கிடையாது. வெள்ளிக்கிழமை காலையில் சந்தவாசலில் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். என்னோடு இறங்கியவர்களில் பாதிப்பேர் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிறவர்கள். ஜவ்வாது மலை பக்கத்தில் இருக்கிறது என்று பெயர்தான், காற்று கொதித்தது. அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஏறி ஆரணிப் பக்கம் கொஞ்ச தூரம் போனால் பெரியம்மாவின் கிராமம். தெருவில் இறங்கியதுமே தறிச் சத்தம் கேட்கும். பெரியப்பா முதலாளியிடம் பாவு வாங்கிக் கூலிக்குப் பட்டுப்புடவை நெய்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சி.எஸ்.ஐ. ஆலயத்தின் கமிட்டி மெம்பர்.

தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம்: எங்கள் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைகளில் போதகரை 'ஐயர்' என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். சாதிப் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மிஷனரி காலத்திலிருந்து வரும் மரியாதைச் சொல் அது. ஐயருடைய மனைவி 'ஐயரம்மா'. இந்த முறை அந்தச் சொல்லுக்கு ஒரு சோதனை வந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஐயர் வீட்டைத் திறந்தால் மூலைக்கு மூலை ஒட்டடை, குழாயில் துரு, பின்கட்டுச் சுவரில் மழைநீர் இறங்கிய கறை. முந்தைய ஐயர் ஓய்வுபெற்றுப் போனபிறகு பக்கத்து பாஸ்டரேட் ஐயர்தான் இதையும் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துவந்தார். பாவம், அவருக்கே ஏழெட்டு கிராமம். இங்கே திருவிருந்து என்றால் அவர் வரும் ஞாயிறுதான். மற்ற ஞாயிறுகளில் பெரியப்பாவோ, ரிட்டயர்டு டீச்சர் ஒருவரோ ஜெபபுத்தகத்தை வைத்து ஆராதனை நடத்தினார்கள். பிரசங்கம் பண்ணலாம், பாட்டுப் பாடலாம். ஆனால் அப்பத்தையும் ரசத்தையும் கையில் எடுத்துப் பகிர்ந்துகொடுக்க, குருப்பட்டம் பெற்றவர் வேண்டும். கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும், பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கிறிஸ்தவத் திருமணங்களுக்கு இன்றைக்கும் 1872-ம் ஆண்டுச் சட்டம்தான்.

இதெல்லாம் நாள் குறித்து நடப்பவை, சமாளித்துவிடலாம். சாவு நாள் குறித்துக்கொண்டு வராதே! இரண்டு மாதங்களுக்கு முன்பு தெருக்கோடியில் ஒரு தாத்தா காலையில் இறந்துபோனார். கூடுதல் பொறுப்பு ஐயர் அன்றைக்கு வேறொரு கிராமத்தில் இன்னொரு அடக்கத்தில் இருந்தார். அவர் பைக்கில் வந்துசேர்ந்தபோது இருட்டிவிட்டது. "செல்போன் லைட்டைப் புடிச்சிக்கிட்டுதான் மண்ணு போட்டோம்" என்றார் பெரியம்மா, சுண்ணாம்பு வாளியைக் கலக்கிக்கொண்டே. யார்மீதும் குறையாகச் சொல்லவில்லை அவர். ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எண்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் ஒரே கேள்வி: "புது ஐயர் எப்ப வருவாங்க?"

வெள்ளையடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அக்கா வீடியோ காலில் வந்தார். பெரியம்மாவின் மூத்த மகள், ஸ்காட்லாந்தில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை டியூட்டி இல்லையென்றால் அங்கே பக்கத்திலிருக்கும் பிரெஸ்பிட்டேரியன் ஆலயத்துக்குப் போவார்.

"யாரு வர்றாங்கன்னு உங்களுக்கு எப்பம்மா தெரியும்?"

"லிஸ்ட் வந்தப்பதான்."

"நீங்க யாரும் பார்த்ததே இல்லையா?"

"பார்க்காம என்ன, ஞாயித்துக்கிழமை பார்ப்போமே!"

அக்கா சிரித்தார். "இங்க நான் ஓட்டுப் போட்டேம்மா, ஐயருக்கு!"

பெரியப்பா தறியிலிருந்து எழுந்து வந்துவிட்டார். ஓட்டு என்ற சொல் காதில் விழுந்தால் அவர் எங்கிருந்தாலும் வருவார்.

அக்கா சொன்ன நடைமுறை எனக்குப் புதிதாக இருந்தது. சென்னைக்குத் திரும்பியதும் தேடிப் படித்தேன். ஸ்காட்லாந்து திருச்சபையில் ஒரு சபைக்குப் போதகர் இல்லாமல் போனால், மேலிடம் யாரையும் அனுப்பிவைத்துவிடாது. அந்த வட்டாரத்துச் சபைகளின் கூட்டவையான 'பிரெஸ்பிட்டரி' இடைக்காலப் பொறுப்பாளர் ஒருவரை நியமிக்கும். சபையார் தங்களுக்குள்ளிருந்து அதிகபட்சம் 13 பேர் கொண்ட தேடல் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள். பெண் பார்க்கப் போவது மாதிரிதான் இவர்கள் வேலை. விண்ணப்பித்தவர் எங்கே பிரசங்கம் செய்கிறாரோ அங்கே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்பது, விசாரிப்பது, பேசிப்பார்ப்பது. கடைசியில் ஒரே ஒருவர் பெயரைச் சபைக்கு முன்வைப்பார்கள். அவர் ஒரு ஞாயிறு வந்து ஆராதனை நடத்துவார். முடிந்ததும் ரகசிய வாக்கெடுப்பு.

ஜெயித்தால் அத்தோடு முடியவில்லை. 'இந்த சபைக்கு வாருங்கள்' என்று எழுதிய அழைப்புப் பத்திரத்தில் சபையார் கையெழுத்துப் போட வேண்டும். 'கால்' என்று சொல்வது இதைத்தான். அதை பிரெஸ்பிட்டரி ஏற்றுக்கொண்ட பிறகே பதவியேற்பு. அன்றைக்குப் புதியவரிடம் மட்டும் கேள்வி கேட்க மாட்டார்கள். சபையாரையும் எழுப்பி நிறுத்தி, 'இவரை ஏற்றுக்கொள்கிறீர்களா, தாங்குவீர்களா' என்று கேட்பார்கள். பக்கத்துச் சபைப் போதகர்கள் ஒவ்வொருவராக வந்து வலதுகையைக் கொடுப்பார்கள். அப்புறம் டீ, கேக்.

அமெரிக்க பிரெஸ்பிட்டேரியன் சபை ஒன்றில் இன்னும் ஒரு படி மேலே. சம்பளம் எவ்வளவு, வீடு உண்டா, விடுமுறை எத்தனை நாள், பென்ஷன் என்ன என்பதையெல்லாம் சபைக் கூட்டத்தில் வாசித்து அதற்கும் ஓட்டு. நம் ஊரில் ஐயரின் சம்பளத்தை மைக்கில் வாசிப்பதை நினைத்துப்பார்த்தேன். வேண்டாம்.

இந்த உரிமை அவர்களுக்குச் சும்மா கிடைக்கவில்லை. 1712-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போட்ட சட்டப்படி, ஒரு ஊர்ச் சபைக்குப் போதகரை முன்மொழியும் அதிகாரம் அந்த ஊர் ஜமீன்தார் மாதிரியான பிரபுவின் கையில் இருந்தது. சபையின் 'அழைப்பு' வெறும் சடங்கு. 1834-ல் ஆக்டரார்டர் என்ற சின்ன ஊருக்கு ராபர்ட் யங் என்பவரைப் பிரபு நியமித்தார். அழைப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட ஊர்க்காரர்கள் இரண்டே பேர். 330 குடும்பத் தலைவர்களில் 287 பேர் வேண்டாம் என்றார்கள். வழக்கு லண்டன் பிரபுக்கள் சபை வரை போனது. தீர்ப்பு பிரபுவுக்குச் சாதகம்.

அந்தக் கோபம் அடங்கவில்லை. 1843 மே 18-ம் தேதி, எடின்பரோவில் கூடிய பொதுப்பேரவையிலிருந்து ஒரு பெரும் கூட்டம் எழுந்து வெளியே நடந்தது. சுமார் 1,200 போதகர்களில் 470-க்கும் மேற்பட்டவர்கள் வீட்டையும் சம்பளத்தையும் ஆலயத்தையும் விட்டுவிட்டு 'ஃப்ரீ சர்ச்' என்ற புதுச் சபையைத் தொடங்கினார்கள். பிள்ளைகுட்டிகளோடு ஐயர் வீட்டைக் காலிசெய்துவிட்டு நடுத்தெருவுக்கு வந்த குடும்பங்கள் அவை. பிரபுக்களின் நியமன உரிமை ரத்தாக 1874 வரை ஆனது.

இதில் நம்மூருக்கு என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து 1837-ல் சென்னைக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கிய ஜான் ஆண்டர்சன், இந்தச் சண்டையில் வெளியேறியவர்கள் பக்கம் நின்றார். அவர் மட்டுமல்ல, இந்தியாவிலிருந்த ஸ்காட்லாந்து திருச்சபை மிஷனரிகள் அத்தனைபேரும் ஃப்ரீ சர்ச் பக்கம்தான். கல்கத்தாவில் அலெக்சாண்டர் டஃப் தான் எழுப்பிய கல்லூரிக் கட்டடத்தையே விட்டுவிட்டு வெளியேறினார். ஆண்டர்சனின் பள்ளி வளர்ந்துதான் இன்றைக்குத் தாம்பரத்தில் இருக்கும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. எங்கோ குளிர்நாட்டில் ஒரு கிராமத்துச் சபை 'எங்களைக் கேட்காமல் ஐயரை அனுப்பாதே' என்றதன் எதிரொலி, இங்கே ஒரு கல்லூரியின் பிறப்பு வரலாற்றில் இருக்கிறது. எழும்பூர் ஸ்டேஷன் பக்கம் போகும்போது உயரமான கோபுரத்தோடு தெரியும் 'கிர்க்' ஆலயமும் ஸ்காட்லாந்து பிரெஸ்பிட்டேரியன்கள் கட்டியதுதான். 1821-ல் திறந்தது. மண் உறுதியாக இல்லாததால், நம்மூர் முறையில் கிணறு கிணறாக இறக்கி அதன்மேல் அஸ்திவாரம் எழுப்பியிருக்கிறார்கள். அது தனிக்கதை.

சரி, ஆரணிக்கு வருவோம். எங்கள் பக்கத்துச் சபைகளும் ஒரு காலத்தில் இந்த வகையைச் சேர்ந்தவைதான் என்பது எனக்கே சமீபத்தில்தான் தெரியும். ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் என்ற ஸ்கடர் சகோதரர்கள் 1853-ல் தொடங்கிய ஆற்காடு மிஷன், அமெரிக்க சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தது. டச்சுக்காரர்கள் வழிவந்த அந்தச் சபையின் ஆட்சிமுறையில் பிஷப் கிடையாது. சபை தேர்ந்தெடுக்கும் மூப்பர்கள், வட்டாரச் சபைகளின் கூட்டவை, அவ்வளவுதான். ஏறக்குறைய பிரெஸ்பிட்டேரியன் முறை. வேலூர், சித்தூர், ராணிப்பேட்டை, ஆரணி என்று இந்த மிஷன் பரவிய ஊர்கள் நிறைய. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடரும் அதே குடும்பம்.

இந்தச் சபைகள் 1908-ல் தென்னிந்திய ஐக்கிய திருச்சபையில் சேர்ந்தன. 1947 செப்டம்பர் 27-ம் தேதி, சுதந்திரம் கிடைத்த ஆறாவது வாரம், சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு இணைந்து சி.எஸ்.ஐ. ஆனது. சேரும்போது ஆளுக்கொன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கினார்கள். பிஷப்பே வேண்டாம் என்றிருந்தவர்கள் பிஷப்பை ஏற்றுக்கொண்டார்கள். காஞ்சிபுரத்தில் மிஷனரியாக இருந்த லெஸ்லி நியூபிகின், ஸ்காட்லாந்து பிரெஸ்பிட்டேரியன் போதகர். அவரே அன்றைக்கு 37 வயதில் மதுரை-ராமநாதபுரம் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஸ்காட்லாந்தில் அவருடைய சபைக்காரர்கள் சிலருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப்பாருங்கள்!

அன்றிலிருந்து ஐயர்மார் திருமண்டலத்தின் ஊழியர்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை, பெரும்பாலும் பள்ளி விடுமுறையை ஒட்டி டிரான்ஸ்ஃபர் லிஸ்ட் வரும். எங்கள் பகுதி வேலூர் திருமண்டலம். 1976-ல் சென்னைத் திருமண்டலத்திலிருந்து பிரிந்தது.

ஓட்டுப் போட்டு அழைப்பதுதான் சரி என்று நான் பெரியப்பாவிடம் கொஞ்சம் வேகமாகவே சொன்னேன். நாம் வீட்டுக்கு ஒரு வாடகைக்காரரைக்கூட விசாரிக்காமல் வைப்பதில்லை, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்து, அப்பாவை அடக்கம் பண்ணப்போகிறவரை விசாரிக்க வேண்டாமா?

பெரியப்பா பீடியை அணைத்தார். "சரி, ஓட்டு வை. நம்ம ஊருக்கு யாரு விண்ணப்பம் போடுவா?"

எனக்குப் பதில் வரவில்லை.

"ஆரணி டவுனுக்குப் போடுவாங்க. வேலூருக்குப் போடுவாங்க. நல்ல ஸ்கூலு, நல்ல வீடு. இங்க அம்பது குடும்பம், அதுல முப்பது குடும்பம் கூலிக்கு நெய்யுது. மழை வந்தா தெருவுல பாவு போட முடியாது, அந்த வாரம் காணிக்கைத் தட்டுல சத்தமே இருக்காது. எங்க காணிக்கையை வெச்சு ஒரு ஐயரு அரை மாசம் சாப்பிடலாம். எல்லா ஊர்ப் பணத்தையும் ஒண்ணாப் போட்டு எல்லா ஐயருக்கும் சம்பளம் கொடுக்கறதாலதான் எங்களுக்கும் ஒருத்தர் வர்றாங்க."

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஓட்டுன்னு ஆரம்பிச்சா, ஐயரு எப்படிப் பிரசங்கம் பண்றாருன்னு பாக்க மாட்டாங்க கண்ணு. எந்தத் தெருன்னுதான் கேப்பாங்க" என்றார்.

அது உண்மை என்பதை மறுக்க முடியவில்லை. ஆற்காடு மிஷன் காலத்தில் கிராமம் கிராமமாகச் சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஊருக்கு வெளியே தள்ளிவைக்கப்பட்ட, நிலமில்லாத மக்கள். சாதியை விட்டுவிட்டு வந்ததாகச் சொன்ன இடத்திலும் சாதி பெஞ்சு தேடி வந்து உட்கார்ந்துகொண்டது. திருமண்டலத் தேர்தல் விவகாரங்கள் கோர்ட் வாசல் வரை போவதைச் செய்திகளில் பார்க்கிறோம். நானே டெஸ்க்கில் உட்கார்ந்து தலைப்புப் போட்டிருக்கிறேன். அதே தேர்தலை ஒவ்வொரு கிராமத்துக்கும் இறக்கினால்?

அக்காவும் ஒன்று சொன்னார். ஓட்டுப் போடும் உரிமை இருக்கும் அந்த நாட்டிலேயே இப்போது போதகர்களுக்குப் பெரிய தட்டுப்பாடு. காலியான சபைகள் அதிகம், வருகிறவர்கள் குறைவு. இரண்டு மூன்று சபைகளைச் சேர்த்து ஒன்றாக்குகிறார்கள், ஆலயக் கட்டடங்களை விற்கிறார்கள். அக்காவின் ஆலயத்துக்கே ஆள் கிடைக்க இரண்டு வருடம் ஆனதாம்.

இந்தியாவிலேயே பிரெஸ்பிட்டேரியன்கள் நிறைந்த மாநிலம் மிசோரம். அங்கும் போதகர்களை எந்த ஊருக்கு அனுப்புவது என்று தீர்மானிப்பது சினாட்தான். மூப்பர்களைத்தான் சபையார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். செலவுக்கு? ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைத்து ஆலயத்துக்குக் கொடுக்கிறார்கள். 'பூஃபாய் தாம்' என்று பெயர். நூறு வருடங்களுக்கும் மேலான பழக்கம். இதைப் படித்துச் சொன்னதும் பெரியம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை. "பிடியரிசிதானே? எங்க ஆயா காலத்துல இருந்து நாங்களும் போடறோம்" என்று சமையல்கட்டில் இருந்த தூக்குவாளியைக் காட்டினார். அதில் ரேஷன் அரிசியும் பொன்னியும் கலந்து கிடந்தது.

ஆனாலும் பெரியப்பாவிடம் நான் முழுசாகத் தோற்றுவிடவில்லை. லிஸ்ட் போடுகிறவர்கள் ஊரை ஒரு வார்த்தை கேட்கலாம். இது தறி ஊர், காலை ஆறு மணிக்குப் பாவு விரிப்பார்கள், அந்த நேரத்தில் ஜெபக்கூட்டம் வைக்காதீர்கள் என்பது ஃபைலில் இருக்காது. எண்பது வயது தாண்டியவர்கள் எத்தனைபேர் என்பதும் இருக்காது. ஒருவர் ஓய்வுபெறும் தேதி முன்கூட்டியே தெரியும். அந்தத் தேதிக்கும் அடுத்தவர் வருவதற்கும் நடுவில் நாலு மாதம் ஏன்? இதை நான் கேட்டபோது, "அதை நீ எழுது" என்றார் பெரியப்பா. எழுதிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு டாடா ஏஸ் வந்து நின்றது. பீரோ, இரண்டு கட்டில், தையல் மெஷின், ஏழெட்டு அட்டைப்பெட்டி புத்தகம், ஒரு பூனை. முன்சீட்டிலிருந்து இறங்கியவருக்கு நாற்பது வயது இருக்கும். கத்தரிப்பூ கலர் காட்டன் புடவை. பின்னாலேயே பைக்கில் ஒருவர், பத்து வயதுப் பையனோடு.

பெரியம்மா மாலையோடு நேராக பைக்கில் வந்தவரிடம் போய், "வாங்க ஐயரே!" என்றார்.

அவர் சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் கையைக் காட்டினார். "ஐயர் அவங்கம்மா. நான் ஸ்கூல் வாத்தியார்."

தெருவே ஒரு நிமிடம் தறியை நிறுத்திவிட்டது. லிஸ்டில் இனிஷியலோடு பெயர் இருந்திருக்கிறது, யாரும் ஆணா பெண்ணா என்று யோசிக்கவில்லை. சி.எஸ்.ஐ.யில் பெண்கள் குருப்பட்டம் பெறுவது புதிதல்ல. 1976-லேயே தொடங்கியது. 2013-ல் நந்தியால் திருமண்டலத்தில் புஷ்ப லலிதா பேராயராகவே ஆனார். ஆனால் எங்கள் கிராமத்துக்கு இதுதான் முதல்முறை. ஓட்டு வைத்திருந்தால் இவர் வந்திருப்பாரா என்று பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் அட்டைப்பெட்டியை இறக்குவதில் மும்முரமாக இருந்தார்.

அடுத்த சிக்கல், எப்படிக் கூப்பிடுவது? ஐயரம்மா என்றால் ஐயரின் மனைவி. இவர்தான் ஐயர். அப்படியென்றால் அந்த வாத்தியாரை என்னவென்று சொல்வது? டீச்சர் ஒருவர் 'போதகர் அம்மா' என்றார், இளவட்டங்கள் 'பாஸ்டரம்மா' என்றார்கள். பெரியம்மா எதையும் மாற்றிக்கொள்வதாக இல்லை. "ஐயரம்மான்னா ஐயரம்மாதான். இத்தனை நாள் அர்த்தம் வேற, இனிமே அர்த்தம் வேற" என்று முடித்துவிட்டார்.

மறுநாள் ஆராதனையில் ஆலயம் நிறைந்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருகிறவர்கள்கூட வந்திருந்தார்கள், பார்ப்பதற்கு. வெள்ளை அங்கியில் அவர் நடந்துவந்தபோது முன்வரிசைச் சின்னப்பெண்கள் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். திருவிருந்து கொடுத்தார். பிரசங்கம் சுமார்தான், குரல் கொஞ்சம் நடுங்கியது. அதை வெளியே சொல்லாதே என்று பெரியம்மா சொல்லியிருந்தார்.

முடிந்ததும் வரவேற்புக் கூட்டம். ஆலயத்துக்கு வெளியே ஷாமியானா, கேசரி, மிக்ஸர், டீ. சால்வை போட ஏழுபேர் வரிசையில் நின்றார்கள். முதல் சால்வையை வாங்கியதும் அவர் பெரியப்பாவிடம், "கோயிலுக்கு வர முடியாம வீட்டுலயே இருக்கிறவங்க எத்தனைபேருங்க?" என்று கேட்டார்.

"நாலு பேரு இருக்காங்கம்மா."

"பக்கத்துலயா?"

"கடைசி வீட்டு ஆயா ஒருத்தங்க. மத்தவங்க அந்தத் தெரு."

"திருவிருந்து எடுத்து எவ்வளவு நாளாச்சு?"

பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். அதற்குள் அவர் அப்பமும் ரசமும் வைத்திருந்த சின்னப் பெட்டியை எடுத்துக்கொண்டு, "டீ வந்து குடிச்சுக்கறேன், ஆறினாப் பரவால்ல" என்று செருப்பை மாட்டினார். மீதி ஆறு சால்வைக்காரர்களும் என்ன செய்வதென்று தெரியாமல், சால்வையோடு அவர் பின்னாலேயே தெருவில் நடந்தார்கள்.